முப்பிடாதிக்குப் பால் கட்டிய இருபத்தோரு நாட்கள்

சாத்தாங்குறிச்சியில் முப்பிடாதியின் மகளுக்குப் பால் மறக்கடிக்க நாள் குறித்துக் கொடுத்த ஜோசியர், அதே வாரத்தில் இரண்டு கல்யாணத்துக்கும் ஒரு போர்வெல்லுக்கும் நாள் குறித்துக் கொடுத்தவர்தான். கல்யாணங்கள் நடந்தன, போர்வெல்லில் புழுதி வந்தது, முப்பிடாதிக்கு மார்பில் மல்லிகை பூத்தது.

முந்தின நாள்வரை தினம் ஏழெட்டுத் தடவை அம்மாவின் மடியில் ஏறிப் பால் குடித்துக்கொண்டிருந்த பதினாலு மாதக் குழந்தை தன்ஷிகாவுக்கு, புதன்கிழமை காலை எட்டு நாற்பதோடு அது இனி கிடையாது என்று பஞ்சாங்கம் சொன்னது. செவ்வாய் ஆகாது, வெள்ளி லட்சுமி, சனி சனிதான், அமாவாசை தாண்டினால் வளர்பிறை, வளர்பிறையில் நிறுத்தினால் பாலும் சேர்ந்து வளர்ந்துவிடும் என்று மாமியார் பாக்கியத்தாய் கழித்துக்கொண்டே வந்ததில் மிச்சம் நின்றது அந்த ஒரு புதன்கிழமைதான். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமே என்று முப்பிடாதி கேட்டுப் பார்த்தாள்.

"ஏட்டி, நல்ல நேரம் என்ன இட்லி மாவா, கொஞ்சம் கொஞ்சமா ஊத்துததுக்கு? ஒரே நாளு, ஒரே நேரம்" என்றாள் பாக்கியத்தாய். தாலியை யாராவது தவணையில் கட்டினார்களா என்றும் கேட்டாள்.

முப்பிடாதிக்கும் அவசரம் இருந்தது. ஊரில் இருந்த ஒரே ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. நரம்பு அகப்படாத கிழவர்களும் கையை நீட்டாத குழந்தைகளும் அவளிடம்தான் வருவார்கள். ஊசி உள்ளே போனதும் வெளியே வந்ததும் தெரியாது. பிரசவத்துக்குப் போனவளை ஓனர் ஹரிகரன் இத்தனை மாதம் விட்டுவைத்திருந்தது அந்தக் கைக்காகத்தான். இப்போது அவரும் சொல்லிவிட்டார்: ஜூலை ஒண்ணாந் தேதி காலை ஏழு மணிக்கு அவள் வரவில்லையென்றால் தென்காசியிலிருந்து படித்து முடித்த பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்துவிடுவாள். இடையில் இருபத்தோரு நாள் இருந்தது. அதற்குள் குழந்தை பாலை மறக்க வேண்டும், பால் முப்பிடாதியை மறக்க வேண்டும்.

எட்டு நாற்பதுக்குக் கடைசிப் பால் கொடுத்தாள். அதன்பின் காம்பில் வேப்பெண்ணெய் தடவினார்கள். குழந்தை ஒரு தடவை வாய் வைத்து, முகத்தைச் சுளித்து, தன்னை ஏமாற்றியது யார் என்று வீட்டிலிருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்துவிட்டு, மூன்று மணி நேரம் அழுதது. பால் வாசனை பட்டால் மறக்காது என்று அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்வீட்டில் வைத்துக்கொண்டார்கள். பாக்கியத்தாய் நாலு முழம் மல்லிகையை மருமகளின் மார்பில் சுற்றி, அதன்மேல் பழைய வேட்டியைக் கிழித்து, மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினாள். இதில் அதிசயம் ஒன்றுமில்லை, பால் வற்ற மல்லிகை வைத்துக் கட்டுவது அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. பொழுது சாயும்போது பூ வெந்த கீரை மாதிரி ஆகியிருக்கும், எடுத்து வாய்க்காலில் போட்டுவிட்டு மறுநாள் புதுப் பூ கட்டுவார்கள். முப்பிடாதிக்குச் சாயங்காலம் கட்டை அவிழ்த்தபோது பூ வாடியிருக்கவில்லை, மொட்டு விட்டிருந்தது. நாலு முழம் ஏழு முழமாகியிருந்தது. நாரைத் தேடினால் நார் இல்லை, பூக்காம்புகள் தோலுக்குள் போயிருந்தன.

பாக்கியத்தாய் லைட்டைப் போட்டுக் குனிந்து பார்த்தாள். "இன்னைக்குத்தான் கடைக்காரன் நல்ல பூவா குடுத்திருக்கான்" என்றாள்.

முப்பிடாதிக்குப் பூ ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. மார்பு இரண்டும் கருங்கல்லாகியிருந்தன. அக்குளில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி, கையைத் தூக்கித் தலைசீவ முடியவில்லை, ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை, ஃபேன் காற்றில் முந்தானை அசைந்து பட்டாலே உயிர் போய் வந்தது.

"அத்தை, வலிக்கி."

"இம்புட்டுப் பூவை வச்சுக்கிட்டு வலிக்கின்னா யாருட்டி நம்புவா?"

முதலில் கேட்டு வந்தவள் எதிர்வீட்டுச் செல்லக்கனி. கல்யாண வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், ஒரு கண்ணி பூ தாயேன் என்று கை நீட்டினாள். பறித்தபோது முப்பிடாதிக்கு ஒரு பெருமூச்சு விடும் நேரத்துக்கு இதமாக இருந்தது. மூச்சை உள்ளே இழுப்பதற்குள் பறித்த இடத்தில் இரண்டு பங்கு மொட்டு நின்றது, கல் இன்னும் கனத்தது. செல்லக்கனியின் தலையிலிருந்த பூ மூன்று நாள் வாடவில்லை. நாலாம் நாள் ஊர் வந்தது.

பெண் பார்க்க வருகிறவர்களை எதிர்பார்த்திருந்த வீட்டுக்காரர்கள் வந்தார்கள், சீமந்தத்துக்கு நாள் வைத்தவர்கள் வந்தார்கள், புதுக் காருக்கு மாலை போட வேண்டியவர்கள் வந்தார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்தவர்கள் அவர்களையெல்லாம்விட அதிகமாக வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றினார்கள், தொட்டியில் கையைக் கழுவினார்கள், "வாரேம்மா" என்று கும்பிட்டார்கள், பறித்தார்கள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. "வலிக்கி அண்ணாச்சி" என்று அவள் சொன்னபோது எல்லோரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். மழைக்காலத்தில் மழை பெய்கிறது என்று ஒருவர் சொன்னால் அப்படித்தான் தலையை ஆட்டுவார்கள்.

கணவன் ஆவுடையப்பன் மினி பஸ் ஓட்டுகிறவன், நல்லவன், கூட்டத்தைக் கண்டால் ஒழுங்குபடுத்தாமல் இருக்க முடியாதவன். அவன் வாசலில் கயிறு கட்டி, ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்கு ஒரு வழி என்று பிரித்துவிட்டான்.

"ஏங்க, காய்ச்சலடிக்கி. இவங்களப் போகச் சொல்லுங்க."

"எப்படிப் போகச் சொல்ல? நம்ம வீட்டை மதிச்சு வாராவல்லா" என்றான் அவன். "உன்னையத்தான் பூக்காரம்மா, பூக்காரம்மான்னு எவ்வளவு மரியாதையாப் பேசுதாவ தெரியுமா? என்னைய இதுவரை எவனும் டிரைவரய்யான்னுகூடச் சொன்னதில்ல."

அந்த வாரத்தில் செல்லக்கனி ஒன்றைக் கண்டுபிடித்தாள். எந்த வீட்டுக் குழந்தை அழுதாலும் முப்பிடாதியின் மார்பு சுரீரென்று இழுக்கும். இழுத்த மறு நிமிடம் மொட்டுகள் கொத்துக் கொத்தாக வெடிக்கும். குழந்தை பெற்ற எவளுக்கும் தெரிந்த விஷயம்தான், பூவைத் தவிர. அன்றிலிருந்து சாத்தாங்குறிச்சியில் அழுகிற குழந்தையைச் சமாதானம் செய்வது நின்றுபோயிற்று. கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு ஆவுடையப்பன் வரிசையில் முன்னிடம் கொடுத்தான். கைக்குழந்தை இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்தார்கள். தொடையில் கிள்ளுவதற்கென்றே சுண்டுவிரல் நகத்தை வளர்த்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்களும் கிள்ளி முடித்ததும் குழந்தையின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். பின்வீட்டிலிருந்த தன்ஷிகாவை யாரும் கிள்ள வேண்டியிருக்கவில்லை. அவள் தானாகவே அழுதுகொண்டிருந்தாள்.

ஊர் விஷயங்களைத் தீர்த்துவைக்க வேண்டியவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. பூ என்பதால் தோட்டக்கலைக்காரர் ஒருவர் வந்தார், பாலிலிருந்து வருவதால் பால் சங்கத்துக்காரர் ஒருவர் வந்தார். இது யாருடைய பொறுப்பு என்று இருவரும் வாசலில் நின்று ஒன்றரை மணி நேரம் பேசி, தம்முடையதல்ல என்று ஒருமனதாக முடிவு செய்து, ஆளுக்கு ரெண்டு முழம் வாங்கிக்கொண்டு போனார்கள். அம்மன் கோயில் கமிட்டி இரண்டு கூட்டம் போட்டது. மார்பில் பூத்த பூ அம்மனுக்கு ஆகுமா என்பது கேள்வி. ஆகும் என்றார் பூசாரி. ஆனால் பூத்த இடம் தீட்டுள்ள இடம் என்றும் சொன்னார். ஆகையால் பூ கருவறைவரை போகலாம், முப்பிடாதி வெளிவாசலோடு நின்றுகொள்ள வேண்டும் என்று தீர்மானம் எழுதி, பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். உள்ளூர் கேபிள் சேனல்காரன் வந்து, கேமராவை அவள் மார்புக்கு ஒரு சாண் பக்கத்தில் வைத்து, ஒரு மொட்டு விரிவதை முழுதாகப் படம் எடுத்தான். பக்தியோடுதான் எடுத்தான்.

பதிமூன்றாம் நாள், தலையைச் சுற்றிக்கொண்டு வந்தபோது, முப்பிடாதி போர்வையைப் போர்த்திக்கொண்டு பின்வாசல் வழியாக சுகாதார நிலையத்துக்குப் போனாள். அங்கே இருபது வருஷமாகப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் ஜெயசீலி போர்வையை விலக்கிப் பார்த்தாள்.

"பூவா? ம். காய்ச்சல் எத்தன நாளா?"

"நாலு நாளாச்சு சிஸ்டர்."

"நாலு நாளா என்ன பண்ணிட்டிருந்த? கட்டி செவந்திருக்கு பாரு. டாக்டர் உள்ள இருக்காவ, மாத்திரை எழுதி வாங்கிட்டுத்தான் போகணும்." விரலால் மெதுவாக அமுக்கிப் பார்த்தாள். "யாரு உன்னைய ஒரே நாள்ல நிறுத்தச் சொன்னா?"

"பஞ்சாங்கத்துல."

"பஞ்சாங்கத்துக்குப் பால் கட்டுச்சா?" என்றாள் ஜெயசீலி. "ஒரு வேளைப் பால நிறுத்தணும், உடம்பு பழகுத வரைக்கும் நாலஞ்சு நாள் பொறுக்கணும், அப்புறம் அடுத்த வேளைய நிறுத்தணும். இப்படி இறுக்கிக் கட்டுனா உள்ளுக்குள்ள கட்டிக்கிடும், அவுத்து எறி. ஈரத்துணிய ஜில்லுன்னு போடு. தாங்க முடியலன்னா கையால கொஞ்சமா பீச்சி விடு, வலி அடங்குத அளவுக்கு மட்டும். பூராத்தையும் எடுத்துட்டா, பிள்ள நிறையக் குடிச்சிருச்சுன்னு நெனச்சு உடம்பு நிறைய ஊறும்."

"நான் எங்க சிஸ்டர் எடுக்கேன், ஊரே பறிக்கி."

"அதான் நிக்க மாட்டேங்கி. பறிக்கப் பறிக்க ஊறத்தான் செய்யும், அது பாலானா என்ன, பூவானா என்ன? பறிக்கத ஒரு வாரம் நிறுத்தச் சொல்லு, தன்னால வத்திரும். அவங்க நிறுத்தலன்னா பிள்ளைக்கே ஒருவேள குடுத்துட்டுப் போ. ஒண்ணும் குத்தமில்ல."

முப்பிடாதி மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்து வீட்டுக் கதவைச் சாத்தி உள்தாழ் போட்டாள். பதினாலாம் நாள் திறக்கவில்லை, பதினைந்தாம் நாள் திறக்கவில்லை. ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், பூ மெலிய ஆரம்பித்தது, அக்குள் கட்டி சுண்டைக்காயாயிற்று. பதினாறாம் நாள் காலை தெருவில் முப்பத்தைந்து குழந்தைகளைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு நேராக உட்காரவைத்து அழவிட்டார்கள். மார்பு இழுத்தது, கொடி போர்வையைத் தள்ளிக்கொண்டு எழுந்து, ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே போய், தெருப்பக்கமாகத் தொங்கிப் பூத்தது. வெளியே நின்றவர்கள் வீட்டுக்காரர்களைத் தொந்தரவு செய்யாமல் அங்கேயே பறித்துக்கொண்டார்கள்.

கவுன்சிலர் ராஜபாண்டி சமாதானம் பேச வந்தார். ஜூன் கடைசிச் செவ்வாயன்று அம்மனுக்குப் பூச்சொரிதல் இருந்தது. மறுநாள் ஜூலை ஒண்ணு.

"தங்கச்சி, அன்னைக்கு ஒரு நாளு மட்டும் பந்தல்ல வந்து உக்காந்திரு. நூத்தியெட்டு கூடை. அதோட ஊர்க்காரன் எவனும் உன் வாசலை மிதிக்க மாட்டான், அதுக்கு நான் பொறுப்பு."

"எனக்கு மறுநா வேலைக்குப் போணும் அண்ணாச்சி. இப்பிடி இருந்தா கைய நீட்ட முடியாது. ஊசி பிடிக்க முடியாது."

"வேல கிடக்கட்டும்மா. ரத்தம் எடுக்க ஆயிரம் பேரு கிடைப்பா, பூ எடுக்க யாரு இருக்கா?"

பாக்கியத்தாய், அம்மன் காரியத்துக்கு மாட்டேன் என்று சொல்லக் கூடாது என்றாள். ஆவுடையப்பன், ஒரு நாள்தானே என்றான். முப்பிடாதி, ஊர்க்காரன் வாசலை மிதிக்க மாட்டான் என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாள். சின்ன விஷயத்துக்கெல்லாம் எதற்குக் கையெழுத்து என்று கவுன்சிலர் சிரித்தார். சிரித்துவிட்டுப் போனார்.

பூச்சொரிதலன்று காலையில் அவளைப் பந்தலில், கோயில் வெளிவாசலுக்கு நேராக, சிவப்பு வெல்வெட் போட்ட கல்யாண நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முன்னால் மைக் வைத்தார்கள், அவள் பேசுவதற்கு அல்ல. பதினோரு கைக்குழந்தைகளை வரிசையாக மைக்குக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார்கள். ஸ்பீக்கர் வழியாகப் பதினோரு அழுகையும் ஊருக்குள் போய்த் திரும்பி வந்தன. மல்லிகை அவள் மடியில் வழிந்து, நாற்காலிக் கால்களைச் சுற்றி, படியிறங்கியது. ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடை எழுபத்திரண்டு நிறைந்தபோது பூ கொஞ்சம் தளர்ந்தது. கவுன்சிலர் பாக்கியத்தாயிடம் குனிந்து என்னவோ சொன்னார், பாக்கியத்தாய் போய்த் தன்ஷிகாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பெத்த பிள்ள அழுதா மிச்சக் கூடையும் ஒரே மூச்சுல நிறைஞ்சிரும்" என்றார் அவர், கூட்டத்துக்குக் கேட்கும்படி. கூட்டம் கை தட்டியது.

குழந்தை அம்மாவைப் பார்த்தது. இருபத்தோரு நாளைக்குப் பின் பார்க்கிறது. அழுது அழுது தொண்டை கட்டியிருந்ததால் ஸ்பீக்கரில் அழுகை வரவில்லை, காற்று மட்டும் வந்தது, கிழிந்த சைக்கிள் டியூபில் பம்ப் அடிக்கிற மாதிரி. "இன்னும் கொஞ்சம் பக்கத்துல கொண்டு போங்க" என்றார் கவுன்சிலர். பக்கத்தில் கொண்டு வந்தார்கள். கிட்டே வந்ததும் முப்பிடாதி இரண்டு கையையும் நீட்டி, அக்குளில் வெட்டின வலியைப் பல்லைக் கடித்து விழுங்கி, மாமியாரின் இடுப்பிலிருந்து குழந்தையை எடுத்து மடியில் போட்டாள்; பூவை ஒரு பக்கமாக ஒதுக்கினாள், முந்தானை நுனியால் துடைத்தாள், "குடி" என்றாள்.

குழந்தை முகர்ந்து பார்த்தது. ஏமாந்த ஞாபகம் இருந்தது அதற்கு. நாக்கு நுனியால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தது, பிறகு வாய் வைத்தது.

ஐந்நூறு பேரும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

இருபத்தோரு நாளாக அந்த மார்பை வரிசையில் நின்று பார்த்தவர்கள், கழுவின கையால் தொட்டுப் பறித்தவர்கள், பிள்ளைகளைத் தோளில் ஏற்றி "அதோ பாரு" என்று காட்டியவர்கள், ஒரு குழந்தை அதில் வாய் வைத்ததும் வெட்கத்தால் செத்துப்போனார்கள். "ச்சே, நாலு பேரு முன்னாடி" என்றாள் செல்லக்கனி. பூசாரி கண்ணை மூடிக்கொண்டு படியைத் தடவித் தடவி இறங்கினார். கேபிள் சேனல்காரன் பெண்மையின் மாண்பு கருதி லென்சைக் கையால் மூடினான். "சேலையைக் கொண்டாங்கடே, மறைங்கடே" என்று கத்தினார் கவுன்சிலர், மறைக்கப் போனால் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் யாரும் போகவில்லை. பாக்கியத்தாய் தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். ஆவுடையப்பன் ஏறுகிற வழியாக இறங்கி ஓடினான். கால் மணி நேரத்தில் பந்தலில் ஆள் இல்லை; கூடைகள் இருந்தன, அவற்றில் பூ பழுத்துச் சுருண்டுகொண்டிருந்தது. குழந்தை ஒவ்வொரு மடக்காக விழுங்க விழுங்க, முப்பிடாதியின் தோலிலிருந்து பூக்காம்புகள் ஒவ்வொன்றாக விட்டு, காய்ந்த பூ உதிர்வது போல் சத்தமில்லாமல் விழுந்தன.

மறுநாள் ஏழு மணிக்கு அவள் வேலைக்குப் போனாள். போகுமுன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை என்று கொடுத்து, வாரத்துக்கு ஒரு வேளையாகக் குறைத்து, ஆடி முடிவதற்குள் யாருக்கும் தெரியாமல் நிறுத்தினாள். ஊர் அந்த விஷயத்தையே பேசவில்லை. கோயில் கமிட்டி மட்டும், ஆலய வளாகத்தில் தாய்மார்கள் குழந்தைக்குப் பாலூட்டுவது தடைசெய்யப்பட்டுள்ளது என்று ஒரு போர்டு வைத்தது. இதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்றைக்குப் பந்தலில் கடைசியாக வந்தவர் அந்தோணி. பந்தலும் சேரும் வாடகைக்கு விடுகிறவர், மூன்று பெண் பிள்ளைகளின் தகப்பன். பிளாஸ்டிக் சேர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வந்து வெல்வெட் நாற்காலியின் முன்னால் நின்றார்.

"அம்மா, இது ஒண்ணுதான் பாக்கி. சாயங்காலம் இன்னொரு மண்டபத்துக்குப் போணும்."

"பிள்ள குடிச்சு முடிக்கட்டும் அண்ணே."

"முடிக்கட்டும், முடிக்கட்டும்" என்றவர், அடுக்கிய சேர்களின்மேல் ஏறி உட்கார்ந்து பீடியை எடுத்து, குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை. வீட்டில் மூன்று தடவை பார்த்ததுதான்.

"எத்தன பல்லு?"

"ஆறு."

"அடேயப்பா, ஆறா? கடிக்குமே" என்றார் அந்தோணி. "வலிக்காம்மா?"

அந்த ஊரில் எத்தனையோ பேரிடம் முப்பிடாதி அவர்கள் கேட்காமலே சொன்னதை, முதன்முதலாக ஒருவர் கேட்டார். குழந்தை மறு பக்கத்துக்குக் கை நீட்டியது, மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"கொஞ்சம்" என்றாள். "இந்தப் பக்கம் மட்டும்."